மதில் கமிட்டியும் எங்கள் கோல்கீப்பரும்

போன மாதம் ஒரு போன் வந்தது. நான் வேலை பார்த்த கல்லூரியில் இப்போது உடற்கல்வி இயக்குநராக இருப்பவர். கால்பந்து டீம் கோப்பை வாங்கியிருக்கிறதாம். வாழ்த்துச் சொன்னேன். அவர் குரலில் கோப்பை வாங்கிய தெம்பு இல்லை.

“பைனலைப் பார்க்க மொத்தம் ஒன்பது பேர் வந்தாங்க சார். அதுல ரெண்டு பேர் ஆம்புலன்ஸ்காரங்க. உங்க காலத்துல மதில் மேல உட்கார இடம் கிடைக்காதுன்னு சொல்றாங்களே, எப்படி சார் கூட்டம் சேர்த்தீங்க?”

“நாங்க தோத்தோம் சார்” என்றேன்.

அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எழுதி அனுப்புங்கள் என்று கேட்டார், எழுதுகிறேன்.

உடற்கல்விப் படிப்பு ஒரு வருடம். விசில் ஊதுவது, அணிவகுப்பு நடத்துவது, சுளுக்குக்குக் கட்டுப் போடுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். தோற்ற பிறகு என்ன செய்வது என்று எந்தத் தாளிலும் கேள்வி வரவில்லை. எண்பதுகளின் ஆரம்பத்தில், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்தக் கல்லூரியில் உதவி இயக்குநராகச் சேர்ந்தேன். நசரத்பேட்டை வீட்டிலிருந்து பூந்தமல்லி வரை சைக்கிள், அங்கிருந்து ஆவடி பஸ். சேர்ந்த வாரமே எங்கள் டீம் ஐந்து கோல் வாங்கித் தோற்றது. அடுத்த வாரம் நான்கு. முன்னேற்றம் என்று நினைத்தேன். புதிய ஆள்.

எனக்கு மேலதிகாரி குருமூர்த்தி சார். ராணுவத்தில் பதினைந்து வருடம் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவர். அவர் கத்தி நான் கேட்டதில்லை. சாதாரணமாக என்னை ‘நீ’ என்பார். கோபம் வந்தால் அது ‘நீங்க’ ஆகிவிடும். ‘நீங்க கொஞ்சம் இப்படி வாங்க’ என்று அவர் சொன்னால் மாணவர்கள் தங்களுக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

போட்டி நாளில் காலை ஆறு மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும். முதல் நாளே ஊறவைத்த சுண்ணாம்பு, இரண்டு முளைக்குச்சி, ஒரு சணல் கயிறு, ஓட்டை போட்ட பால் பவுடர் டின். கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, அதன் மேலேயே நடந்து கோடு ஊற்ற வேண்டும். போட்ட கோட்டின் மேல் அவர் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். கைக்கு வெளியே வெள்ளை தெரிந்தால் அழித்துவிட்டு மறுபடி. ஒருநாள் வெயில் ஏறிவிட்ட எரிச்சலில், “தோக்கப்போற கிரவுண்டுக்கு இவ்வளவு நேரா கோடு எதுக்கு சார்?” என்று கேட்டுவிட்டேன்.

“கோடாவது நம்ம கையில இருக்கே” என்றார்.

ஆட்டம் முடிந்ததும் வலையைக் கழற்றி மடிக்க வேண்டும். பூட்ஸ் சேற்றை மூங்கில் பத்தையால் சுரண்டி, துடைத்து, வரிசையாக அடுக்க வேண்டும். அதுவரை ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது, ஒருவரும் வீட்டுக்கும் போகக் கூடாது. கடைசி ஜோடி பூட்ஸ் அடுக்கியாகிற நேரத்தில் யார் மேல் யாருக்கு என்ன கோபம் என்பது பாதி மறந்திருக்கும். அது ராணுவத்தில் கற்றதா, எங்கள் டீமைப் பார்த்துக் கற்றதா என்று அவர் சொன்னதில்லை.

இனி எங்கள் ரசிகர்கள். மைதானத்தின் மேற்குப் பக்கம் ஒரு மதில். அதற்கு அந்தப் பக்கம் பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர்களின் குவார்ட்டர்ஸுக்குப் போகிற பாதை. சாயங்கால ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் சைக்கிளைச் சாத்திவிட்டு மதில் மேல் ஏறி உட்காருவார்கள். திருநெல்வேலிக்காரர், வேலூர்க்காரர், சேலத்துக்காரர் என்று எல்லா ஊரும் அந்த மதிலில் இருந்தது. எங்கள் மாணவர்களும் அவர்களோடு சேர்ந்துகொள்வார்கள். ஆசிரியர்கள் அறையில் அதற்கு ‘மதில் கமிட்டி’ என்று பெயர். தலைவர் சைமன். தொழிற்சாலையில் லேத் ஆபரேட்டர். ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவர், முப்பது வயது, நல்ல சாரீரம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாட்டுக்குழுவில் பாடுவார். மற்ற நாட்களில் அதே குரலால் எங்களைத் திட்டுவார்.

நான் சேர்ந்த வருடம் அவர்கள் உண்மையாகவே கோபப்பட்டார்கள். கோல் விழுந்தால் மைதானத்துக்குள் செருப்பு வரும். அதைக் கேட்டு வாங்க வெட்கப்பட்டு வெறுங்காலோடு போனவர்கள் உண்டு. அடுத்த வருடம் செருப்பு நின்றுவிட்டது. எதிர் டீம் கோல் போட்டால் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருமுறை எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது என்பதற்காகப் பட்டாசு வெடித்தார்கள். அதை ஆதரவாக எடுத்துக்கொள்வதா அவமானமாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் எங்கள் கேப்டன் மதிலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

மூன்றாவது வருடம் வந்தவன்தான் வேலாயுதம். கள்ளிக்குப்பத்துப் பையன், பி.காம். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடமும் கட்டணச் சலுகையும் பெற்றுச் சேர்ந்தான். உயரம், ஒல்லி, அதிகம் பேசமாட்டான். கோல்கீப்பர். உண்மையைச் சொன்னால் அவன் மோசமான கோல்கீப்பர் இல்லை. அவனுக்கு முன்னால் நின்ற நான்கு பேர், யார் வந்தாலும் ஒதுங்கி வழிவிடும் பண்பாளர்கள். பழி முழுக்க அவனுக்கு வந்தது. பக்கத்தில் ரயில்வே கேட் இருந்ததால் பெயர் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

“டேய், கேட்டு தொறந்துகீதுடா! வண்டி வருது, வயி வுடு!” என்று சைமன் ஒருநாள் ஆரம்பித்தார். அடுத்த வாரம் முதல் அவன் ‘கேட்டு’தான்; வேலாயுதம் என்ற பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

ஆனால் அந்தப் பட்டப்பெயரில் கமிட்டிக்கு மட்டும்தான் உரிமை. வெளியூர் டீமுக்காக வந்த ஒருவன், கேட்டுக் கேட்டு உற்சாகமாகி, தானும் “கேட்டு, கேட்டு” என்று கத்தினான். சைமன் மதிலிலிருந்து குதித்துப் போய் அவன் சட்டையைப் பிடித்தார்.

“இன்னா நைனா, யாரை கேட்டுன்றே? அவன் எங்க ஆளு. நாங்க திட்டுவோம். நீ யாரு?”

விலக்கப் போன எனக்கும் ஒரு அடி விழுந்தது.

அந்த வருடம் ஜனவரியில் ஏழு கோல் வாங்கினோம். எங்கள் தரத்துக்கே அது அதிகம். மறுநாள் சாயங்காலம் மதில் கமிட்டி எங்கள் டீமுக்குச் சாவு ஊர்வலம் நடத்தியது. மூங்கிலில் சின்னப் பாடை, அதன் மேல் காற்றுப் போன ஒரு பந்து, பந்துக்குச் சாமந்தி மாலை. தகர டின்னைத் தட்டிக்கொண்டு இருவர் முன்னால் ஆடினார்கள். சைமன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மாரில் அடித்து அழுதார்.

“பதினோரு புள்ள பெத்தேனே, ஒண்ணுகூட ஓடலியே! வாசலுக்கு வெச்ச புள்ள, வா வான்னு வுட்டானே!”

ஊர்வலம் ரயில்வே கேட்டைத் தாண்டிப் பஸ் நிறுத்தத்துக்கு வந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன், நானும் சிரித்தேன். கொஞ்சம் தள்ளிப் புத்தகப் பையோடு வேலாயுதம் நின்றிருந்தான். அவனும் சிரித்தான். அதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

அடுத்த நாள் பயிற்சிக்கு அவன் வரவில்லை. வகுப்புக்கு வந்தான். வராந்தாவில் பிடித்துக் கேட்டேன்.

“முட்டி வலி சார்” என்றான்.

“எந்த முட்டி?”

யோசித்துவிட்டு, “ரெண்டும் சார்” என்றான்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு ஒரு விதி உண்டு. கடிதம் இல்லாமல் தொடர்ந்து மூன்று நாள் பயிற்சிக்கு வராவிட்டால் பெயரை அடித்து முதல்வருக்கு அனுப்ப வேண்டும். சலுகை போய்விடும். அவன் அப்பா லாரி ஓட்டுகிறவர், வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டார். அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷருக்குப் பிசிறு நறுக்கும் வேலை. சலுகை போனால் படிப்பும் போகும். இரண்டு நாள் ஆப்சென்ட் போட்டாயிற்று. மூன்றாவது நாள் குருமூர்த்தி சார் பதிவேட்டைத் திறந்து, பேனாவை மூடியே வைத்திருந்தார்.

“இன்னிக்குக் காலைல மழை பெஞ்சுது இல்ல?”

“இல்லையே சார்.” வெளியே மைதானத்தில் புழுதி பறந்துகொண்டிருந்தது.

“பெஞ்சுது. கிரவுண்டு ஈரம். பயிற்சி ரத்து” என்று எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க ஜன்னலைச் சாத்துங்க, சாரல் அடிக்குது” என்றார்.

ஒரு கோடு விரலகலம் விலகினால் அழித்துப் போடச் சொன்ன மனிதர். அந்தப் பதிவேட்டில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது.

பதிவேட்டில் பெய்த அந்த மழைக்கு நடுவிலேயே ஒரு போட்டியும் வந்தது. மாற்று கோல்கீப்பரை வைத்து ஆடினோம். மூன்று கோல்தான் வாங்கினோம். மதில் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அங்கே சத்தமே இல்லை. புதுப் பையனுக்கு எப்படிக் கத்துவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இடைவேளையிலேயே பாதிப்பேர் இறங்கிப் போய்விட்டார்கள். மறுநாள் சைமன் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். நான் சேருவதற்கு முன்பிருந்தே மதிலேறுகிற அவர் கல்லூரிக்குள் வாசல் வழியாக வந்தது அதுதான் முதல் தடவை.

“சார், கேட்டு எங்க சார்? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “பாடை கட்டித் தூக்கினீங்களே சைமன், அப்புறம் ஆள் எங்கன்னு கேட்டா?”

“ஐயோ சார், அது டீமுக்குப் பண்ணது சார். அவனுக்கு இல்ல.”

“வாசலுக்கு வெச்ச புள்ளைன்னு பாடினது யாருக்கு?”

அவர் காக்கிச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு, “அவன் பஸ் ஸ்டாண்டாண்ட இருந்தானா சார்?” என்று கேட்டார்.

“இருந்தான்.”

குருமூர்த்தி சார் அதுவரை நிமிரவில்லை. இப்போது நிமிர்ந்து, “திங்கக்கிழமை மழை நின்னுடும்” என்றார். சைமனுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் விதியையும் பதிவேட்டு மழையையும் விளக்கினேன். சலுகை, படிப்பு, அம்மாவின் வேலை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவர் அங்கிருந்த பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு, எட்டு சைக்கிளில் மதில் கமிட்டி கள்ளிக்குப்பத்துக்குப் புறப்பட்டது. “நீயும் கூடப் போ. ஏதாவது ஏடாகூடமானா தடு” என்று சார் என்னையும் அனுப்பியிருந்தார். எட்டு வாட்டசாட்டமான ஆட்கள் ஒரு தெருவுக்குள் சேர்ந்தாற்போல நுழைந்தால் தெரு என்ன நினைக்கும்? இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். வேலாயுதம் எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டான். வாசலில் அவன் அம்மா தனலட்சுமி, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றார்.

“யாருப்பா நீங்கள்லாம்? என் புள்ள இன்னா பண்ணான்?”

வழியெல்லாம் சைமன் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பு அந்த இடத்தில் மறந்துவிட்டது. “ஒண்ணும் பண்ணலம்மா. நாங்க... வந்து... அவனோட ரசிகருங்கம்மா.”

“இன்னாது?”

“ரசிகருங்கம்மா. அவன் ஆட்டத்தைப் பாக்க வருவோம். ஒரு வாரமா காணோம், அதான் பாத்துட்டுப் போலாம்னு.”

அந்த அம்மாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு திரும்பி, எங்களுக்காக இல்லை, தெருவுக்கே கேட்கட்டும் என்று உரக்கக் கூப்பிட்டார்.

“டேய் வேலு! உன் ரசிகருங்க வந்துகீறாங்கடா! எங்கடா போயி பூந்துகினே?”

சாத்தின கதவுகள் திறந்தன. வேலாயுதம் பின்பக்கமிருந்து வந்தான். சைமனைப் பார்த்தான். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர்கள் யார், என்ன பாடினார்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும். அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு, “உள்ள வாங்கண்ணா” என்றான்.

ஆளுக்கொரு டம்ளர் மோர் வந்தது. அரை மணி நேரம் வெயிலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசினார்கள். கிளம்பும்போது சைமன் வேலாயுதத்தின் முட்டியைப் பார்த்து, “தேவலாமா?” என்றார். “தேவலாம்ணா” என்றான். அவ்வளவுதான் மன்னிப்பு. எல்லாம் முடிந்தது என்று நாங்கள் சைக்கிளை எடுக்கிறபோது அந்த அம்மா கேட்டார்:

“அடுத்த ஆட்டம் என்னிக்கு? நானும் வரேன்.”

திங்கட்கிழமை மழை நின்றது. வேலாயுதம் பயிற்சிக்கு வந்தான். அந்த வார வெள்ளிக்கிழமை எங்கள் மைதானத்தில் போட்டி. எஸ்டேட்டில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு அவர் வந்தார். ஆசிரியர்கள் அறையிலிருந்து நாற்காலி கொண்டுவரச் சொன்னேன். வேண்டாம் என்று மதிலடிப் படிக்கட்டுக்குப் போய், ரசிகர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் சைமன்.

மதில் கமிட்டி அப்படி ஒரு எழுபது நிமிஷத்தை அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்திருக்காது. வாயைத் திறந்தால் வசவு. வசவு இல்லாமல் என்ன கத்துவது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு மூன்று பேர் “ஆஹா, ஆஹா” என்று பாகவதர் கச்சேரி கேட்பதுபோல் சொல்லிப் பார்த்தார்கள். பத்தாவது நிமிஷம் முதல் கோல் விழுந்தது. எதிர் டீமின் ஆட்கள் குதித்தார்கள்.

“இன்னா தம்பி ஆச்சு? எல்லாம் கத்தறாங்க?” என்று அந்த அம்மா கேட்டார்.

“நம்ம பையன் பாஞ்சான் பாரும்மா, அதுக்குத்தான்” என்றார் சைமன்.

பாய்ந்தது உண்மை. பந்து வேறு பக்கம் போயிற்று.

மைதானத்தின் இன்னொரு மூலையில் இருந்த மாணவர்களுக்கு விஷயம் தெரியாது. அவர்கள் வழக்கம்போல “கேட்டு! கேட்டு!” என்று ஆரம்பித்தார்கள். அந்த அம்மா சைமன் பக்கம் திரும்பினார்.

“அது இன்னா கேட்டு?”

“அதும்மா... ரயில்வே கேட்டு கீதில்ல? அது மூடிட்டா ஒரு ஈ காக்கா தாண்டி வர முடியுமா? அந்த மாரி நம்ம பையன். பட்டப் பேரு.”

சொல்லி வாயை மூடவில்லை, இரண்டாவது கோல். நான் கோட்டோரம் திரும்பி நின்றுகொண்டு உதட்டைக் கடித்தேன். குருமூர்த்தி சார் மைதானத்தைப் பார்த்தபடியே, “நீங்க சிரிச்சா நான் உங்களை இங்கிருந்து அனுப்பிடுவேன்” என்றார். அவருடைய மீசையும் நிலையாக இல்லை.

நான்குக்கு ஒன்றுமில்லை என்று தோற்றோம். ஆனால் வேலாயுதம் அன்று ஆடிய மாதிரி நான் பார்த்ததில்லை. எட்டு கோல் விழுந்திருக்க வேண்டிய ஆட்டம் அது. இரண்டு முறை கம்பத்தில் மோதிக்கொண்டு எழுந்தான். கடைசியில் மதில் எழுந்து நின்று கைதட்டியது. அதில் கேலி எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

பையன் பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாவைப் பஸ் நிறுத்தம் வரை நான் கொண்டுவிட்டேன். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் அவர், “நாலு வாட்டி உள்ள போச்சு இல்ல சார்?” என்றார்.

எனக்கு நடை நின்றுவிட்டது.

“எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும் சார். ரப்பர்ல மயிரிழை மாரி கீற பிசிறைப் பாத்து நறுக்கறவ நானு. அந்தத் தம்பிதான் பாவம், வேர்த்து ஊத்திச்சு. எனக்கோசரம் எவ்ளோ பொய்யி!” பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, “நான் சொன்னேன்னு அவரு கைல சொல்லாதீங்க சார்” என்றார்.

சொல்லவில்லை. இரண்டு போட்டி போனதும் மதில் பழையபடி ஆகிவிட்டது. கேட்டு, வண்டி, வழி எல்லாம் திரும்பி வந்தன. அம்மாவை இழுக்கிற வசவுகள் மட்டும் அந்த மதிலிலிருந்து போனவை போனவைதான்.

அடுத்த வருடம் நாங்கள் ஒரு போட்டி ஜெயித்தோம். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு கல்லூரியின் மைதானத்தில். அன்று தொழிற்சாலையில் கட்டாய ஓவர்டைம். மதில் கமிட்டியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. எங்களுக்கே ஜெயித்தால் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாமல், நடுவரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டோம். பஸ்ஸில் கல்லூரிக்குத் திரும்பியபோது வாசலில் சைமன் சைக்கிளோடு நின்றிருந்தார்.

“எத்தினி சார்?”

“ஒண்ணுக்கு ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுதானா? பரவாயில்லியே!”

“நாம ஜெயிச்சோம் சைமன்.”

அவர் என்னை நம்பவில்லை. குருமூர்த்தி சாரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். சைமனின் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. அடிபட்டவர் மாதிரி நின்றார். “அஞ்சாறு வருசமா வெயில்ல உக்காந்து பாத்தோம் சார். நாங்க இல்லாதப்பவா?” பிறகு, “யாரு போட்டா?” என்றார்.

“அவங்க ஆளே போட்டுட்டான். சேம் சைடு கோல்.”

அதைக் கேட்டதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. “அப்ப செரி. நம்ம டீமு மாறல.” பிறகு குரலைத் தாழ்த்தி, “கேட்டு எத்தினி வுட்டான்?”

“ஒண்ணுகூட விடல.”

சைமன் சைக்கிளைத் திருப்பினார். “சார், அந்த அம்மா கைல நான்தான் சொல்லுவேன். இதையாவது நெசமா சொல்லணும். அவன கொஞ்ச நேரம் இங்கியே வெச்சிக்கோங்க சார்” என்று சொல்லிக்கொண்டே மிதித்துப் போய்விட்டார். குருமூர்த்தி சார் உள்ளே போனார். வேலாயுதத்தின் முன்னால் பதினோரு ஜோடி பூட்ஸையும் தள்ளிவைத்து, “எல்லாத்தையும் நீயே தொடை” என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கோல்கூட விடாத பையன், இதற்குத்தான் தண்டனையா என்று என்னைப் பார்த்தான்.

மறுநாள் சாயங்காலம் சைமன் மதில் மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். அன்று போட்டியும் இல்லை. கிட்டே போய், “சொன்னீங்களா?” என்றேன்.

“சொன்னேன் சார். மேரி மாதா மேல சத்தியமா ஒரு கோல்கூட உள்ள போவலம்மா, நம்ம புள்ள ஜெயிச்சிட்டான்னு சொன்னேன்.”

“அதுக்கு?”

“நம்பல சார். சிரிக்குது. ‘நல்ல மனசு தம்பி உனக்கு, நீ எப்பவும் இப்படித்தான் சொல்லுவே’ன்னு சொல்லி மோர் குடுத்துச்சு.”

“குடிச்சீங்களா?”

“ரெண்டு டம்ளரு சார்” என்றார் சைமன்.